பிளாஸ்டிக்கைப் பிரித்துக் கொடுப்பது எப்படி? திருகோணமலையில் புதிதாகத் தொடங்குவோருக்கு

பிளாஸ்டிக்கைப் பிரிக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் வாங்குவது வாளி. மூன்று நான்கு நிறத்தில் வாங்கிக் குசினிக்குப் பின்னால் வரிசையாக வைப்பார்கள். ஒரு மாதத்தில் வாளி நிறைந்துவிடும். எடுக்க ஆள் வராது, எறும்பும் எலியும் வரும். கடைசியில் எல்லாம் ஒரே பைக்குள் போய் சபையின் உழவு இயந்திரத்தில் ஏறும். பிரித்த பாடு வீண்.

அதனால் வாளியைக் கடைசிக்கு விடுங்கள். எடுப்பவரிடமிருந்து தொடங்குங்கள். அவர் எதை எடுப்பார், எந்த நிலையில் எடுப்பார் என்று தெரிந்தால் மற்ற வேலையெல்லாம் அதைப் பின்பற்றித் தானாக ஒழுங்காகும். இன்னொன்றையும் மனதில் வையுங்கள். சுத்தமான ஒரு சிறிய சாக்கு, கண்டதையும் போட்டு நிரப்பிய மூன்று சாக்கை விடப் பயன் தரும். மறுசுழற்சியில் பெரிய நட்டம் வருவது கலப்பால்தான்.

முதலில் கதைத்துப் பாருங்கள்

நம் ஊரில் பிளாஸ்டிக் எடுப்பவர்கள் பொதுவாக மூன்று பக்கமாக இருப்பார்கள். பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவர். தெருத் தெருவாக வந்து போத்தலும் இரும்பும் வாங்கும் வியாபாரி இன்னொருவர். மூன்றாவது உங்கள் உள்ளூராட்சி சபை. நீங்கள் நகரத்துக்குள் இருக்கிறீர்களா, உப்புவெளிப் பக்கமா, கிண்ணியாவா, மூதூரா என்பதைப் பொறுத்து சபை மாறும், நாளும் மாறும். உங்கள் வீதிக்கு எந்தக் கிழமையில் எது எடுக்க வருகிறார்கள் என்பதை சபை அலுவலகத்தில் நேரே கேளுங்கள். வண்டியோடு வரும் தொழிலாளர்களிடமும் கேளுங்கள். எது உண்மையாகப் பிரித்தபடியே போகிறது, எது திரும்பக் கலந்துவிடுகிறது என்பது அவர்களுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

கடைக்காரரிடம் பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். "பிளாஸ்டிக் எடுப்பீங்களா அண்ணை?" என்று கேட்டால் "ஓம்" என்பார். சாமானைக் கையில் எடுத்துப் போய்க் காட்டிக் கேளுங்கள். ஒரு தண்ணீர்ப் போத்தல், ஒரு சோடாப் போத்தல், ஒரு ஷாம்பு போத்தல், ஒரு ஐஸ்கிரீம் டப்பா, ஒரு யோகட் கப், ஒரு ஷொப்பிங் பை, உடைந்த கதிரையின் ஒரு துண்டு. அப்போது கதை இப்படிப் போகும்:

"இந்தப் போத்தல் எடுப்பன் தம்பி. மூடி வேற, போத்தல் வேற. எண்ணெய்ப் போத்தல் கழுவாட்டி வேண்டாம். இந்தக் கப் இஞ்ச ஒருத்தரும் எடுக்க மாட்டினம்."

இந்த ஒரு பதில் பத்துச் சுவரொட்டிகளை விடப் பெறுமதியானது. கேட்கவேண்டிய மற்றவை: போத்தலை நசுக்கித் தரலாமா, நிறப் போத்தலும் வெள்ளைப் போத்தலும் பிரிக்க வேண்டுமா, குறைந்தது எத்தனை கிலோ, வீட்டுக்கு வந்து எடுப்பாரா. விலையையும் கேளுங்கள், ஆனால் அதை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். பிளாஸ்டிக் விலை மசகு எண்ணெய் விலையோடு ஏறி இறங்குவது.

ஏன் இவ்வளவு கறாராகப் பார்க்கிறார்கள்? கொழும்பு இங்கிருந்து ஏறக்குறைய 260 கிலோமீற்றர். பெரிய மறுசுழற்சித் தொழிற்சாலைகள் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான். வெறும் போத்தல் என்றால் லொறியில் போவது முக்கால்வாசி காற்று. அந்த டீசல் செலவுக்கு மேலே கழிவும் சேர்ந்து போனால் வியாபாரிக்குக் கையைக் கடிக்கும். அரை லீற்றர் தண்ணீர்ப் போத்தல் ஒன்று சுமார் 10 முதல் 20 கிராம்தான் நிற்கும். ஒரு கிலோ சேர 50 தொடக்கம் 100 போத்தல் வேண்டும். தனி வீடாகச் சேர்த்தால் அலுத்துப் போகும். ஐந்தாறு வீடுகள் சேர்ந்து ஒரு இடத்தில் சேர்த்தால் வியாபாரியே வாசலுக்கு வருவார். உறவுக்காரர் அருகருகே இருக்கும் வளவுகளில் இது மிகச் சுலபம்.

எண்ணைப் பார்க்கப் பழகுங்கள்

போத்தலின் அடியில், டப்பாவின் அடியில், சிலவேளை லேபிளின் ஓரத்தில், முக்கோணமாகச் சுற்றும் அம்புக்குறிக்குள் 1 முதல் 7 வரை ஒரு எண் இருக்கும். 1988இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில்துறையினர் கொண்டுவந்த முறை இது. இலங்கையிலும் பிளாஸ்டிக் பொருட்களில் இந்த அடையாளம் இருக்க வேண்டும் என்று 2021இல் ஒழுங்குவிதி வந்தது. அம்புக்குறியைப் பார்த்துவிட்டு "இது மறுசுழற்சிக்குப் போகும்" என்று நினைத்துவிடாதீர்கள். அந்த எண் சொல்வது அது எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதை மட்டுமே. உங்கள் ஊரில் அதை எடுக்க ஆள் இருக்கிறாரா என்பது வேறு கேள்வி.

1 என்றால் பெட் (PET). தண்ணீர்ப் போத்தல், சோடாப் போத்தல், சமையல் எண்ணெய்ப் போத்தல்களில் பெரும்பாலானவை இதுதான். இலங்கையிலேயே இதிலிருந்து நூலும் தூரிகை நாரும் செய்கிறார்கள். அதனால் தேவை அதிகம். நிறமில்லாததற்கு மதிப்புக் கூட, ஏனென்றால் அதை எந்த நிறத்துக்கும் மாற்றலாம். பச்சை, கபிலப் போத்தல்களை வேறாக வையுங்கள்.

2 என்பது கட்டியான பொலித்தீன் இனம். ஷாம்பு, பிளீச், கழுவும் திரவப் போத்தல்கள், தண்ணீர்க் கான், நீல நிறப் பீப்பா. நல்ல சாமான், வாங்குபவர்கள் விரும்புவார்கள். 5 என்பது பொலிப்புரொப்பிலீன்: ஐஸ்கிரீம் டப்பா, சாப்பாடு கட்டித் தரும் மூடியுள்ள பெட்டி, போத்தல் மூடிகளில் பல, பிளாஸ்டிக் கதிரை, அரிசி வரும் பின்னல் பை, உரப்பை. இதற்கும் ஆள் இருக்கும், ஆனால் எல்லாக் கடையிலும் இல்லை.

4 என்பது மெல்லிய பொலித்தீன். ஷொப்பிங் பை, பொருட்களைச் சுற்றி வரும் ஒளிபுகும் உறை. இதில் கவனமாக இருங்கள். ஈரமும் மண்ணும் ஒட்டினால் இதற்கு மதிப்பே இல்லை. கொஞ்சம் சேர்ந்தால் எடுக்க மாட்டார்கள், நிறையச் சேர்ந்து சுத்தமாக இருந்தால் எடுப்பவர் கிடைக்கலாம். 2025 நவம்பர் 1 முதல் கடைகளில் கைபிடியுள்ள ஷொப்பிங் பையை இலவசமாகக் கொடுக்கக் கூடாது. காசு கொடுத்து வாங்குவதை விட ஒரு துணிப்பையை சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ நிரந்தரமாகக் கட்டி வைத்துவிட்டால் இந்தக் குவியலில் பாதி வீட்டுக்கே வராது.

6 என்பது பொலிஸ்டைரீன். ரெஜிபோம் இதன் ஊதிய வடிவம். யோகட் கப்புகள் சில 6, சில 5. அடியைப் பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம். விளிம்பைப் பிடித்து வளைத்தால் 6 "டக்" என்று உடைந்து முறிந்த இடம் வெளுக்கும். 5 வளைந்து கொடுக்கும். 6ஐ எடுப்பவர்கள் நம் பக்கத்தில் அரிது. கேட்டுவிட்டுத்தான் சேர்த்து வையுங்கள்.

3 என்பது பி.வி.சி. தண்ணீர்க் குழாய், வயர் உறை, சில மழைக்கோட்டு, சில போத்தல்களை இறுக்கிச் சுற்றியிருக்கும் பளபளப்பான லேபிள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல குவியலைக் கெடுப்பது பெரும்பாலும் இதுதான்.

பெட் உருக 250 பாகை செல்சியசுக்கு மேல் சூடு வேண்டும். பி.வி.சி. அதற்கு வெகு முன்னாலேயே சிதைந்து ஐதரோகுளோரிக் அமிலத்தை வெளிவிடத் தொடங்கிவிடும். அந்த அமிலம் பெட்டின் பலத்தைக் குறைத்து மஞ்சளாக்கும், கரும்புள்ளி விழும், இயந்திரத்தையும் அரிக்கும். 10,000 பெட் போத்தலுக்குள் ஒரு பி.வி.சி. போத்தல் கலந்தாலே அந்தத் தொகுதி கெட்டுப்போகலாம் என்று தொழில்துறையில் சொல்வார்கள். இரண்டும் தண்ணீரில் தாழும் என்பதால் தொழிற்சாலைத் தொட்டியிலும் பிரியாது. வீட்டில் நீங்கள் ஒரு குழாய்த் துண்டை எடுத்துத் தனியாக வைப்பது எவ்வளவு பெரிய உதவி என்று இப்போது விளங்கும்.

7 என்பது "மற்றவை". அதற்குள் பல வகை இருக்கிறது. எடுப்பவர் பார்த்துவிட்டு வேண்டும் என்று சொன்னால் தவிர, சேர்க்க வேண்டாம்.

எண் இல்லாத சாமான்

உடைந்த வாளி, விளையாட்டுச் சாமான், எண் அழிந்துபோன போத்தல். இவற்றில் எண்ணைத் தேடிக் கண்ணைக் கெடுக்க வேண்டாம். இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழி அடியைப் பார்ப்பது. ஒளி ஊடுருவும் போத்தலின் அடி நடுவில் பொட்டு மாதிரி சின்ன வட்டத் தழும்பு இருந்தால் அது பெரும்பாலும் பெட். அடியின் குறுக்கே நேர்கோடாக ஒரு தழும்பு ஓடினால் அது வேறு முறையில் ஊதிச் செய்தது. 2ஆம் எண் போத்தலாக இருக்கலாம், ஒளி ஊடுருவினால் பி.வி.சி.யாகவும் இருக்கலாம். கண்ணாடி மாதிரித் தெளிவான போத்தலில் நேர்கோடு கண்டால் அதை பெட் சாக்கில் போடாதீர்கள்.

இரண்டாவது தண்ணீர்ச் சோதனை. நகத்தளவு துண்டு ஒன்றை வெட்டி, கழுவி, ஒரு கிளாஸ் தண்ணீரில் போட்டு, கரண்டியால் ஒரு தரம் கீழே அமுக்கி விடுங்கள். தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் கலந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழி தாழவேண்டிய துண்டையும் மிதக்க வைத்துவிடும். மேலே வந்தால் 2, 4, 5 என்ற மூன்றில் ஒன்று. இவை தண்ணீரை விட இலேசானவை. தாழ்ந்தால் 1, 3, 6 அல்லது நைலோன். தாழ்ந்தவற்றில் 6ஐக் கண்டுபிடிக்க இன்னொரு வழி உண்டு. ஒரு லீற்றர் தண்ணீரில் 250 கிராம் உப்பைக் கரைத்து அதே துண்டைப் போடுங்கள். 6 மேலே வரும். பெட்டும் பி.வி.சி.யும் உப்புத் தண்ணீரிலும் அடியில்தான் கிடக்கும். சில கதிரைகளிலும் வாளிகளிலும் கல் மாவு கலந்திருப்பார்கள். அவை 5 ஆக இருந்தும் தாழக்கூடும். அதனால் இந்தச் சோதனையை முழு முடிவாக எடுக்காமல் கடைக்காரரின் கண்ணையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எரித்து மணந்து பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், பிள்ளைகளுக்குக் காட்டிக் கொடுக்கவும் வேண்டாம். பி.வி.சி. புகை தொண்டையையும் நுரையீரலையும் பழுதாக்கும். பிளாஸ்டிக்கைத் திறந்த வெளியில் எரிப்பது 2017 முதல் சட்டப்படி குற்றமும் ஆகும். பின்வளவில் சருகோடு சேர்த்து ஷொப்பிங் பையைக் கொளுத்தும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அந்தப் புகையை முதலில் குடிப்பது அதே வீட்டுக் குழந்தைதான்.

கழுவுதலும் காயவைத்தலும்

எவ்வளவு சுத்தம் வேண்டும் என்றால், மூடி வைத்து மறுநாள் திறந்தால் மணக்காத அளவுக்கு. பளபளக்கத் தேய்க்க வேண்டியதில்லை. பாத்திரம் கழுவி முடிந்த கடைசித் தண்ணீரில் குலுக்கி ஊற்றினால் போதும். கிணற்றில் நீர் இறங்கும் ஆடி ஆவணியில் இதற்கென்று புதுத் தண்ணீர் அள்ள வேண்டாம். எண்ணெய்ப் போத்தலுக்கு மட்டும் கொஞ்சம் சுடுநீரும் சோப்பும் தேவைப்படும். முதலில் போத்தலைத் தலைகீழாக ஒரு இரவு வைத்து மிச்ச எண்ணெயை வடித்துக்கொண்டால் அந்த வேலையும் குறையும். கொதிநீர் ஊற்றினால் பெட் போத்தல் சுருங்கிவிடும், கை பொறுக்கும் சூடு போதும்.

கழுவுவதை விடக் காயவைப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஈரமான சாக்கை வியாபாரி எடை கழித்துத்தான் எடுப்பார், அல்லது எடுக்கவே மாட்டார். அதைவிடப் பெரிய காரணம் நுளம்பு. 2017இல் கிண்ணியாவை டெங்கு உலுக்கியதை இந்த மாவட்டத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. முட்டையிலிருந்து நுளம்பாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள்தான். திறந்த யோகட் கப்பில் நிற்கும் ஒரு கரண்டி மழைத்தண்ணீரே அதற்குப் போதும். மறுசுழற்சிக்கு என்று முற்றத்தில் போத்தலைக் குவித்து வைத்தால், பொது சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்க்கும்போது அது நுளம்பு பெருகும் இடமாகத்தான் எழுதப்படும். அவர் எழுதுவதும் சரிதான்.

ஆகவே போத்தலைத் தலைகீழாகக் காயவிட்டு, முழுதாகக் காய்ந்த பின்பே சாக்குக்குள் போடுங்கள். பைகளை உள்பக்கம் வெளியே திருப்பி, உடுப்புக் கொடியில் கிளிப் போட்டு விட்டால் அரைமணி நேரத்தில் காய்ந்துவிடும். சாக்கைக் கூரைக்குக் கீழே, நிலத்தில் முட்டாமல் கொழுவி வையுங்கள். வெயிலிலும் கிடக்க விடாதீர்கள். மாதக் கணக்கில் வெயில் பட்ட பிளாஸ்டிக் நொறுங்கிப் பொடியாகும். அது கடலுக்குப் போனால் பொறுக்கவே முடியாது. ஐப்பசியில் மழை தொடங்கினால் வாடைக்காற்று ஓயும்வரை சேர்த்து வைக்கும் காலத்தைக் குறைத்து, அடிக்கடி கொண்டுபோய்க் கொடுங்கள்.

காகமும் நாயும் மட்டுமென்றால் ஒரு மூடியே போதும். நகரத்துக்குள் இருப்பவர்கள் மான்களையும் நினைக்க வேண்டும். கோட்டைக்குள்ளும் கடற்கரைப் பக்கமும் திரியும் புள்ளிமான்கள் சோறு மணக்கும் பொலித்தீனைப் பையோடு விழுங்கிவிடும். கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் மானுக்குப் பழத்தைப் பையோடு வீசாமல் இருந்தாலே அது பெரிய புண்ணியம். வீட்டில் சமையல் கழிவோடு பொலித்தீனைக் கட்டி வெளியே வைக்காமல் இருப்பது அதற்கு அடுத்தது.

சாக்கும் நிறமும்

இப்போது வாளிக்கு வரலாம். புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை. அரிசி வந்த பின்னல் பைகள் மூன்று போதும்: ஒன்று பெட் போத்தலுக்கு, ஒன்று 2, 5 போன்ற கட்டிப் பிளாஸ்டிக்குக்கு, ஒன்று காய்ந்த பொலித்தீனுக்கு. மூடிகளுக்கு ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பா. பாடசாலையிலோ அலுவலகத்திலோ வைப்பதாக இருந்தால் தேசிய நிறமுறையைப் பின்பற்றுங்கள்: பிளாஸ்டிக்குக்குச் செம்மஞ்சள், உக்கும் கழிவுக்குப் பச்சை, கடதாசிக்கு நீலம், கண்ணாடிக்குச் சிவப்பு, உலோகத்துக்குக் கபிலம். நிறத்தோடு நிற்காமல், அந்தச் செம்மஞ்சள் வாளியின் மேல் உண்மையான ஒரு தண்ணீர்ப் போத்தலையும் ஒரு மூடியையும் கம்பியால் கட்டி விடுங்கள். வாசிக்கத் தெரியாத சின்னப் பிள்ளைக்கும் விளங்கும், சிங்களம் மட்டும் தெரிந்தவருக்கும் விளங்கும்.

போத்தலைச் சாக்கில் போடுமுன் மூடியைக் கழற்றி, லேபிளைக் கிழித்து, காற்றை அமுக்கி எடுங்கள். மூடி 2 அல்லது 5 வகை. தொழிற்சாலையில் நறுக்கித் தண்ணீரில் போட்டால் பெட் தாழும், மூடித் துண்டு மிதக்கும், அப்படிப் பிரித்துக்கொள்வார்கள். அதனால் கழுத்தில் ஒட்டியிருக்கும் வளையத்தைக் கத்தியால் அறுத்துக் கையைக் காயப்படுத்த வேண்டாம். லேபிள் கழலாவிட்டாலும் பெரிய பாதகமில்லை. முழுப் போத்தலையும் மூடியிருக்கும் சுருங்கு லேபிளை மட்டும் கட்டாயம் எடுங்கள்.

சேர்க்கக் கூடாதவை

இதில் இரக்கம் காட்டினால் சாக்கு முழுவதும் போகும். பால்மா பைக்கற், பிஸ்கட் உறை, நூடுல்ஸ் பைக்கற் எல்லாம் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் மெல்லிய படைகளாக ஒட்டியவை. உள்பக்கம் வெள்ளி மாதிரி மினுங்கினால் அதைப் பிரித்தெடுக்க இங்கே வழியில்லை. "எதற்கும் போட்டு வைப்போம், அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்" என்ற எண்ணம் நல்ல மனதிலிருந்துதான் வருகிறது. ஆனால் அந்த ஒரு பைக்கற்றைப் பொறுக்கி எடுக்க வெயிலில் இன்னொருவர் குனிய வேண்டும். சந்தேகம் வந்தால் சபைக் குப்பைக்கே விடுங்கள். பம்பர்ஸ், ஊசி, மருந்துக் குழாய், சவர அலகு எல்லாம் எக்காரணம் கொண்டும் சேர்க்கக் கூடாது.

லஞ்ச் ஷீட், ரெஜிபோம் சாப்பாட்டுப் பெட்டி இரண்டும் 2017இலேயே தடை செய்யப்பட்டவை. 2023 ஒக்டோபர் 1 முதல் ஸ்ட்ரோ, ஒருதரம் பாவிக்கும் பிளாஸ்டிக் தட்டு, கரண்டி, பிளாஸ்டிக் மாலை, இடியப்பத் தட்டு வரை தடை. இன்னும் கடையில் கண்டால் வாங்காதீர்கள். இடியப்பத்துக்குப் பிரம்புத் தட்டு இன்னும் கிடைக்கிறது.

தம்பலகாமம், கந்தளாய், மூதூர்ப் பக்கம் வயல் செய்பவர்களுக்குத் தனியாக ஒரு சொல். பூச்சி மருந்து, களை மருந்துப் போத்தல் எவ்வளவு நல்ல பிளாஸ்டிக்காக இருந்தாலும் வீட்டுச் சாக்குக்குள் வரவே கூடாது. வெறுமையானதும் கால்வாசி தண்ணீர் விட்டு மூடிக் குலுக்கி, அந்தத் தண்ணீரைத் தெளிகருவித் தாங்கிக்குள்ளேயே ஊற்றுங்கள். இப்படி மூன்று தரம். பிறகு யாரும் தண்ணீருக்கோ எண்ணெய்க்கோ பாவிக்காதபடி அடியில் துளையிட்டு, வேறாகப் பூட்டி வையுங்கள். எங்கே ஒப்படைப்பது என்பதை விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள். வாய்க்காலில் கழுவினால் அந்த நீர் கடைசியில் குடாவுக்குத்தான் வரும்.

கடலோரத்துக்கு உரியவை

மற்ற ஊர் வழிகாட்டிகளில் வலையைப் பற்றி எழுத மாட்டார்கள். நமக்கு அதை விட முடியாது. பழைய வலையும் கயிறும் ஒன்றாகச் சுற்றிக் கிடந்தால் யாருக்கும் பயன்படாது, ஏனென்றால் அவை ஒரே பிளாஸ்டிக் அல்ல. நைலோன் வலை தண்ணீரில் தாழும். பச்சை, நீலக் கயிறுகளில் பெரும்பாலானவை மிதக்கும். அவை 2 அல்லது 5ஆம் எண் இனம். ஈயக்குண்டு, மிதவை, ரெஜிபோம் துண்டு எல்லாவற்றையும் அறுத்து எடுத்து, வலையை உதறி, மண்ணும் சிப்பியும் போனபிறகு வகை வகையாகக் கட்டுங்கள். தங்கூசி வலையைப் பாவிப்பதே இலங்கையில் தடை. பழையது வாடியில் கிடந்தால் அதைக் கடலில் விட்டுவிட்டு வருவதுதான் எல்லாவற்றிலும் கெட்ட வழி. கைவிட்ட வலை யாரும் பார்க்காமலே மீனையும் ஆமையையும் பிடித்துக்கொண்டே இருக்கும், முருகைக்கல்லில் சிக்கி அதையும் உடைக்கும். புறாத்தீவைச் சுற்றி நீந்தியவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை.

கரையில் பொறுக்கிய போத்தல் வேறு, வீட்டுப் போத்தல் வேறு. உப்பும் மணலும் வெயிலும் பட்டதை வீட்டுச் சாக்கோடு கலந்தால் இரண்டும் மலிந்துவிடும். கடற்கரைச் சிரமதானம் முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரே கறுப்புப் பையில் கட்டி விடுவதுதான் வழக்கம். அதற்குப் பதிலாகத் தொடங்கும்போதே இருவருக்கு இரண்டு சாக்கு என்று கொடுத்து, ஒருவர் போத்தல் மட்டும், மற்றவர் மிச்சம் என்று பொறுக்கினால் பின்னேரம் உட்கார்ந்து பிரிக்கும் வேலை இல்லை. படகு இயந்திர எண்ணெய்க் கான் கையில் பட்டால் வேறாக வையுங்கள். ஒரு கானில் இருந்து வழியும் எண்ணெய் முழுச் சாக்கையும் நாசமாக்கும்.

விடுதியும் கடையும் நடத்துவோருக்கு

உப்புவெளியிலும் நிலாவெளியிலும் தங்குமிடம் நடத்துபவர்களிடம் ஒரு கிழமையில் சேரும் போத்தல், ஒரு குடும்பத்திடம் ஒரு வருடத்தில் சேராது. அவர்களுக்குப் பிரிப்பதை விட முக்கியமான வேலை ஒன்று இருக்கிறது. 19 லீற்றர் தண்ணீர்க் கானை நடைபாதையில் வைத்து, விருந்தினர் தம் போத்தலில் நிரப்பிக்கொள்ளட்டும். காலியான கானைக் கடைக்காரரே திரும்ப எடுப்பார். மிஞ்சி வரும் போத்தலுக்கு, அறையைத் துப்புரவாக்கும் அக்காவின் வண்டியிலேயே ஒரு சாக்கைக் கட்டிவிடுங்கள். அறைக்குள் இரண்டு கூடை வைப்பதை விட அது நன்றாக வேலை செய்யும், ஏனென்றால் வந்து போகும் ஒவ்வொருவருக்கும் பழக்கத் தேவையில்லை, ஒருவர் பழகினால் போதும். விற்ற காசு அவருக்கே போகட்டும். காசு அலுவலக மேசைக்குப் போகும் இடங்களில் சாக்கு விரைவில் காணாமல் போகும்.

முதல் சாக்கைக் கொடுக்கப் போகும்போது அவசரப்படாமல் தராசுப் பக்கத்தில் நில்லுங்கள். கடைக்காரர் எதை எடுத்து எறிகிறார், ஏன் எறிகிறார் என்று பாருங்கள். எறிந்ததில் ஒன்றிரண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து, குசினிச் சுவரில் ஒரு ஆணியில் கொழுவி விடுங்கள். அடுத்த சாக்கில் அது வராது. கடல் அமைதியாகிச் சித்திரைக்குப் பிறகு வெளியூர்ச் சனம் வந்து இறங்கத் தொடங்கினால் எல்லாக் கடையிலும் சாக்கு நிறைந்துவிடும், வியாபாரிக்கும் நேரம் இருக்காது. விடுதிக்காரர்கள் பங்குனியிலேயே அவரோடு கதைத்து, எந்த நாளில் வந்து எடுப்பார் என்று பேசி வையுங்கள்.